பெரிய போட்டோ பிரிண்டர் வாங்கலாமா? மைக்கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்



சென்ற மாதம் நமது கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழு தொழில் கடன் கேட்டு மனு வைத்தது. பெரிய அளவில் போட்டோ போடுகிற பிரிண்டர் வாங்க வேண்டுமாம். உறுப்பினர் ஒருவரின் மகள் டவுன் ஸ்டூடியோவில் மூன்று வருஷம் வேலை பார்த்தவள். போட்டோஷாப்பில் கை நன்றாக ஓடும். இப்போது கைக்குழந்தையோடு ஊரிலேயே இருக்கிறாள். அவளை வைத்துத் தொழில் நடத்தலாம் என்பது குழுவின் யோசனை. நல்ல யோசனைதான்.

"இருக்கிறதிலேயே ஒசத்தியா ஒண்ணு வாங்கிட்டா டவுன்காரங்களும் நம்மகிட்ட வருவாங்கக்கா" என்றார் குழுவின் ஊக்குநர். கையில் கோட்டேஷன் இருந்தது. அதில் இயந்திரத்தின் விலை இருந்தது, வரி இருந்தது. "மை என்ன விலைம்மா?" என்று கேட்டோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

கடன் இல்லை என்று சொல்லவில்லை. விசாரித்துவிட்டு முடிவெடுப்போம் என்று தீர்மானம் எழுதினோம். அந்த விசாரணையில் தெரிந்ததை எல்லாக் குழுக்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

எந்தப் பிரிண்டரைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆபீசில் இருக்கிற சாதாரண பிரிண்டர் ஏ4 தாள்தான் எடுக்கும். அதாவது எட்டேகால் அங்குல அகலம். அதைவிட அகலமான தாள் எடுப்பதை 'வைட் பார்மேட்' என்கிறார்கள். போட்டோவுக்கு 13 அங்குலம், 17 அங்குலம், 24 அங்குலம், 44 அங்குலம் என்று அகலத்தை வைத்துத்தான் இதைப் பிரிக்கிறார்கள். 13 அங்குல மெஷின் ஏ3 பிளஸ் தாள் எடுக்கும். அந்தத் தாள் 13-க்கு 19. நம் ஊரில் சட்டம் போட்டு மாட்டுகிற 12-க்கு 18 படம் அதில் அடங்கிவிடும். 16-க்கு 20 வேண்டுமென்றால் 17 அங்குல மெஷின். 20-க்கு 30, 24-க்கு 36 என்று போனால் ரோல் தாள் மாட்டுகிற 24 அங்குல மெஷின். அதை வைக்கவே தனி அறை வேண்டும்.

கல்யாண வாசலில் கட்டுகிற ஃப்ளெக்ஸ் பேனரும் மை தெளிக்கிற மெஷினில் அடிப்பதுதான். அதையும் இதையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். அதில் ஊற்றுவது சால்வென்ட் மை, அடிப்பது பிளாஸ்டிக் சீட்டில். ரோட்டில் நின்று பார்க்கிறவருக்கு அது அழகாகத் தெரியும். கையில் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாக இருக்கும்.

டவுனில் இருக்கிற கலர் லேப் இன்னொரு வகை. அங்கே பெரும்பாலும் மை கிடையாது. ஒளி பட்டால் உருவம் பதிகிற தாளை மருந்தில் கழுவி எடுக்கிறார்கள். 4-க்கு 6 அளவில் இருநூறு முந்நூறு படம் என்றால் லேப் விலைக்கு நம்மால் போட்டி போடவே முடியாது. அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு இடம் எங்கே இருக்கிறது என்றால், பெரிய படம், ஒன்றோ இரண்டோ, அதுவும் இன்றைக்கே வேண்டும் என்கிற இடத்தில்தான்.

அப்படி அவசரமாக வேண்டியது எது என்று உங்களுக்கே தெரியும். ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டால் பதினாறாம் நாள் காரியத்துக்குள் மாலை போட படம் வேண்டும். வீட்டில் இருப்பதோ ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டைப் படம், இல்லையென்றால் எப்போதோ கல்யாணத்தில் பத்துப் பேரோடு நின்று எடுத்தது. அதைச் சரிசெய்து, முகத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். வளைகாப்பு, காதுகுத்து, சடங்கு எல்லாம் உண்டுதான். ஆனாலும் ஊருக்குள் இருக்கிற ஒரு மெஷின் டவுன் லேப்பை ஜெயிக்கிற இடம் இதுதான் என்பது என் எண்ணம்.

மைக்கணக்கு

12-க்கு 18 படம் ஒன்று அடிக்க சுமார் ஒன்றரை முதல் இரண்டு மில்லி மை போகும். கறுப்பு அதிகம் உள்ள படம் என்றால் கொஞ்சம் கூடும். 2 மில்லி என்றே வைத்துக்கொள்வோம். இப்போது மை எப்படி விற்கிறது என்று பாருங்கள். சில பிரிண்டருக்குப் பாட்டிலில் வாங்கித் தொட்டியில் ஊற்றுகிறோம். சிலவற்றுக்குச் சின்னச் சின்ன டப்பா, அதாவது கார்ட்ரிட்ஜ், மாட்ட வேண்டும். விலை உயர்ந்த 'புரொஃபஷனல்' பிரிண்டர்களில் பல கார்ட்ரிட்ஜ் வகைதான். மில்லிக் கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் ஏழு மடங்கு, பத்து மடங்கு வித்தியாசம் வரும்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். பாட்டில் மை மில்லி 10 ரூபாய், கார்ட்ரிட்ஜ் மை மில்லி 100 ரூபாய் என்று வையுங்கள். தாள் 40 ரூபாய். கிளீனிங்குக்குப் போகிற மை, கெட்டுப்போகிற தாள் எல்லாம் சேர்த்து 10 ரூபாய். பாட்டில் மெஷினில் ஒரு படத்துக்கு 20, 40, 10 ஆக 70 ரூபாய் அடக்கம். கார்ட்ரிட்ஜ் மெஷினில் 200, 40, 10 ஆக 250 ரூபாய். ஊரில் அந்தப் படத்துக்கு 150 ரூபாய் கொடுப்பார்கள் என்றால் முதல் மெஷினில் 80 ரூபாய் மிஞ்சும். இரண்டாவதில் படத்துக்கு 100 ரூபாய் கையிலிருந்து போகும். ஒசத்தி மெஷின் வாங்கி ஒவ்வொரு படத்துக்கும் நஷ்டப்பட யாருக்கு ஆசை?

சரி, 80 ரூபாய் மிஞ்சுகிறதே என்று எழுந்துவிடாதீர்கள். மெஷினுக்கும் சில்லறைச் சாமானுக்கும் 60,000 ரூபாய் கடன், 24 தவணை, மாதம் 1 ரூபாய் வட்டி என்று வைத்தால், முதல் மாதம் அசல் 2,500, வட்டி 600, மொத்தம் 3,100 ரூபாய் கட்ட வேண்டும். 3,100-ஐ 80-ஆல் வகுத்தால் 39 படம். தவணை கட்ட மட்டும் மாதம் 39 படம் விற்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கூலி, கரண்டு, வாடகை எதுவும் இதில் வரவில்லை. அதையும் சேர்த்தால் தினம் இரண்டு படமாவது போக வேண்டும். நம் ஊரிலும் பக்கத்து நாலு ஊரிலும் தினம் இரண்டு பெரிய படம் போகுமா? இந்தக் கேள்விக்குக் கடைக்காரர் பதில் சொல்ல மாட்டார். நாம்தான் தெரு தெருவாக நடந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

மேலே போட்ட விலைகள் கணக்கு விளங்குவதற்காகப் போட்டவை. உங்கள் ஊர் விலையை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். கணக்கு நோட்டு எழுதுகிற நமக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. பணம் நிற்பது பாதி படத்தில், பாதி சட்டத்தில். கண்ணாடியும் சட்டமும் சேர்த்து நாமே போட்டுக் கொடுத்தால் வருமானம் கூடும். வாங்குகிறவருக்கும் அலைச்சல் மிச்சம்.

ஆடியிலும் மார்கழியிலும் மெஷின் என்ன செய்யும்?

தையல் மெஷினை இரண்டு மாதம் மூடி வைத்தால் எண்ணெய் விட்டுத் துடைத்து மறுபடி ஓட்டலாம். மை தெளிக்கிற பிரிண்டர் அப்படி இல்லை. அதன் தலையில் தலைமுடியை விட மெல்லிய ஓட்டைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஓட்டாமல் போட்டால் மை அங்கேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். படத்தில் கோடு கோடாக விழும். கிளீனிங் போடுவார்கள். கிளீனிங் என்றால் நல்ல மையையே உறிஞ்சி வெளியே தள்ளுவது. காசு கொடுத்து வாங்கிய மை கழிவுப் பஞ்சில் போய்ச் சேரும். அந்தப் பஞ்சு நிரம்பினால் அதையும் மாற்றும்வரை மெஷின் ஓடாது.

நான் அறிந்த ஒரு குழுவில் இது நடந்தது. வைகாசி முகூர்த்தத்தில் நல்ல ஓட்டம். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆர்டர் இல்லை, துணி போட்டு மூடிவிட்டார்கள். ஆவணியில் திறந்தால் நீல நிறம் வரவே இல்லை. மெக்கானிக் வந்து தலையை மாற்ற வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை மெஷின் விலையில் பாதிக்கு மேல். மெஷின் மூலையில் கிடக்க, தவணையை மட்டும் பத்து மாதம் கட்டினார்கள். கட்டி முடித்தார்கள் என்பது அந்தச் சகோதரிகளின் பெருமை. ஆனால் அது கட்டத் தேவையில்லாத பணம்.

அதனால் வேலை இருக்கிறதோ இல்லையோ, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவையாவது எல்லா நிறமும் வருகிற சின்னப் படம் ஒன்று போட வேண்டும். காலையில் கடை திறந்ததும் 'நாசில் செக்' என்கிற சோதனைக் கோடுகளைச் சாதாரணத் தாளில் அடித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். இன்னொன்று, வேலை முடிந்ததும் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்துவிட்டுப் போகக் கூடாது. பிரிண்டரிலேயே இருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். அப்போதுதான் தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். நடுவில் கரண்டு போனால் தலை திறந்தபடியே நின்றுவிடும். நம் ஊர் கரண்டு லட்சணம் தெரியுமே! பயப்பட வேண்டாம், 13 அங்குலப் பிரிண்டர் ஒரு குண்டு பல்பு அளவுகூட மின்சாரம் இழுக்காது. கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யூபிஎஸ் போதும். அதையும் கோட்டேஷனில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூடிப்போன ஸ்டூடியோவிலிருந்து பழைய 24 அங்குல மெஷின் சல்லிசாக வருகிறது என்று சிலர் சொல்வார்கள். அது எத்தனை மாதம் ஓட்டாமல் கிடந்தது என்பதுதான் முதல் கேள்வி. கண்ணெதிரே எல்லா நிறமும் அடித்துக் காட்டாத மெஷினுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

எந்த மை?

போட்டோ மையில் இரண்டு சாதி. ஒன்று 'டை' மை. நீரில் சாயம் கரைந்த மாதிரி, தாளுக்குள் இறங்கிவிடும். பளபளப்புத் தாளில் நிறம் கண்ணைப் பறிக்கும். விலையும் குறைவு. ஆனால் வெயிலும் காற்றும் பட்டால் வெளுக்கும், ஈரம் பட்டால் கரையும். இன்னொன்று 'பிக்மென்ட்' மை. மிக நுண்ணிய நிறப்பொடி, தாளின் மேல்பரப்பில் படிந்து நிற்கும். பல காலம் நிறம் மாறாமல் இருக்கும். விலை அதிகம், ஓட்டாமல் வைத்தால் சீக்கிரம் அடைக்கும்.

கடைகளில் கிடைக்கிற பாட்டில் வகை போட்டோ பிரிண்டர்கள் பெரும்பாலும் டை மைதான். 2014-ல் வந்த எப்சன் எல்1800, அதற்குப் பிறகு வந்த எல்18050 இரண்டும் ஆறு நிற டை மை, ஏ3 பிளஸ் தாள். 2020-ல் வந்த கேனான் புரோ-200 எட்டு நிற டை மை, ஆனால் கார்ட்ரிட்ஜ். அதே வருஷம் வந்த கேனான் புரோ-300, எப்சன் பி700, 17 அங்குல பி900 எல்லாம் பிக்மென்ட், எல்லாம் கார்ட்ரிட்ஜ். கண்காட்சிக்கும் பெரிய நகரத்து ஸ்டூடியோவுக்கும் ஏற்றவை. அதற்கேற்ற விலை கொடுக்கிற வாடிக்கையாளர் அங்கே இருக்கிறார். மாடல் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். பாட்டிலா கார்ட்ரிட்ஜா, டையா பிக்மென்ட்டா என்ற இரண்டு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் எந்த மாடலையும் எடை போடலாம்.

"அப்ப நாம வெளுத்துப்போற மையிலயா படம் போட்டுக் கொடுக்கிறது?" என்று ஒரு சகோதரி கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. நான் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், கண்ணாடி போடாமல் மாட்டிய அப்பாவின் படம். மலிவான டூப்ளிகேட் மை. இரண்டு வருஷத்தில் சிவப்பு போய் முகம் பச்சையடித்துவிட்டது. அந்த வீட்டு அம்மா படத்தைத் திருப்பி வைத்திருந்தார், பார்க்கச் சகிக்கவில்லை என்று. அவர் கொண்டுவந்து கொடுத்த மூலப்படம் ஸ்டூடியோவில் தொலைந்துபோயிருந்தது.

எனவே டை மையில் போட்டாலும் கம்பெனி மை, நல்ல போட்டோ தாள், முன்னால் கண்ணாடி, வெயில் படாத சுவர் என்று நான்கும் இருந்தால் படம் பல வருஷம் தாங்கும். கம்பெனிக்காரர்கள் இத்தனை வருஷம் நிற்கும் என்று போடுவது அவர்கள் மையை அவர்கள் தாளில் அடித்தால்தான். வெளி மை ஊற்றினால் அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது, வாரண்டியும் போகலாம். வாடிக்கையாளரிடமும் உள்ளதைச் சொல்லுங்கள்: "கண்ணாடி போட்டு மாட்டுங்கம்மா, வெயில் படாம பாத்துக்கோங்க." அப்புறம் அவர் கொடுத்த படத்தை செல்போனில் மட்டும் வைக்காமல், ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் பெயர் எழுதிச் சேமித்து வையுங்கள். மூலப்படத்தை அன்றே கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடையில் எப்படிச் சோதிப்பது?

கடையில் காட்டுகிற மாதிரிப் படத்தில் கிளியும் ரோஜாப்பூவும் இருக்கும். எந்தப் பிரிண்டரிலும் அது அழகாகத்தான் வரும். நாம் அடிக்கப்போவது நம் சனங்களின் முகம். அதனால் பென் டிரைவில் மூன்று படம் கொண்டுபோங்கள். மாநிறமும் கறுப்புமாக நாலு பேர் நிற்கிற குடும்பப் படம் ஒன்று. அரக்குப் பட்டுச் சேலையும் வெள்ளை வேட்டியும் இருக்கிற கல்யாணப் படம் ஒன்று. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. மூன்றையும் 12-க்கு 18 அளவில் உங்கள் கண் முன்னால் அடிக்கச் சொல்லுங்கள். தாள், மைக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். கடனோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை.

அடித்த படத்தைக் கடை விளக்கில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்து வாருங்கள். முகம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறதா, செம்மண் மாதிரி சிவக்கிறதா? தலைமுடியில் இழை தெரிகிறதா, ஒரே கறுப்பு அப்பலா? வேட்டியின் மடிப்பு தெரிகிறதா? கறுப்பு வெள்ளைப் படத்தைக் கட்டாயம் பாருங்கள். சாம்பல் நிற மை தனியாக இல்லாத பிரிண்டரில் வண்ணங்களைக் கலந்துதான் சாம்பல் வரும். லேசாகப் பச்சையோ ஊதாவோ அடிக்கலாம். இறந்தவர் படம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும் என்பதால் இது நமக்கு முக்கியம். தாளுக்கு ஏற்ற வண்ண அமைப்பைப் போட்டுப் பார்க்கத் தெரிந்த அந்தப் பெண்ணையும் கூடவே அழைத்துப் போங்கள்.

சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், வாரண்டி வருஷக் கணக்கு மட்டுமா அல்லது இத்தனை பிரிண்ட் என்று எண்ணிக்கையும் உண்டா, தலை மாற்ற என்ன ஆகும், இந்த மை பாட்டில் நம் டவுனிலேயே கிடைக்குமா என்றும் கேட்டு பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிக் கேட்பவர்கள் நிறையப் பேர் வருவார்கள். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். நீளப்பக்கம் சுமார் 1,600 புள்ளிதான் மிஞ்சும். அங்குலத்துக்கு 200 புள்ளியாவது இருந்தால்தான் கையில் வைத்துப் பார்க்க நன்றாக இருக்கும். அப்படியானால் அது 8 அங்குலப் படத்துக்குத்தான் காணும், 18 அங்குலத்துக்கு மங்கிவிடும். எத்தனை லட்ச ரூபாய் மெஷினும் இல்லாத புள்ளியைக் கொண்டுவராது. 'டாக்குமென்ட்'டாக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காமல் வரும்.

மனு கொடுத்த குழுவுக்கு இப்போது என்ன முடிவு? 13 அங்குல, பாட்டில் மை, ஆறு நிறப் பிரிண்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய படம் வந்தால் டவுனில் கொடுத்து வாங்கிக்கொள்வது என்று பேசியிருக்கிறார்கள். ஆனால் உடனே வாங்கவில்லை. மூன்று மாதம் ஆர்டர் மட்டும் எடுத்து, அந்தப் பெண் வீட்டில் கம்ப்யூட்டரில் சரிசெய்து, லேப்பில் பிரிண்ட் போட்டு, சட்டம் மட்டும் குழுவே போட்டுக் கொடுக்கிறது. என்ன அளவு, எத்தனை படம், என்ன விலை, எத்தனை நாள் அவகாசம் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறார்கள். முதல் மாதம் முடிந்திருக்கிறது. அடுத்த இரண்டு மாதத்தில் ஒன்று ஆடி. அந்த மாதத்துப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறோம். நோட்டு வந்ததும் மனு மறுபடி கூட்டத்துக்கு வரும்.